நிலாவில் ஒரு கிலோ

கிராம் என்று கேட்டால் அந்தத் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு வழி காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். அது அடையாள அட்டையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் தலைகாட்டியதோடு சரி. மனிதர் முப்பத்தோரு வருஷமாகத் தராசு பழுதுபார்க்கிறவர். செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே அவர் கடை; இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். சுவர் முழுக்கக் கொக்கியில் தராசுகள். மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளை எடைக்கற்கள். அவற்றை அவர் கையால் தொடமாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார். விரல் வியர்வை பட்டால் கல்லின் எடை கூடிவிடுமாம்.

உள்ளங்கையில் எதை வைத்தாலும் எடை சொல்லிவிடுவார். உறவுக்காரர் வீட்டில் குழந்தை பிறந்தால் எல்லோரும் மூக்கையும் கண்ணையும் பார்த்து யார் ஜாடை என்று பேசிக்கொண்டிருக்கும்போது இவர் வாங்கித் தூக்கி, "ரெண்டு கிலோ எண்ணூறு" என்பார். ஒரு நாள் மனைவி கொடுத்த மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நேத்தைவிட இன்னைக்கு இருபது கிராம் கம்மி" என்றார். "அது உங்க மூளையோட எடையா இருக்கும், டப்பாவுல தேடாதீங்க" என்றாள் அவள். அவர் சிரித்தார். வீட்டுக்குள் அவரைப் பார்த்து அப்படிச் சொல்ல ஒரே ஆளுக்குத்தான் உரிமை. வெளியில் எடை விஷயத்தில் அவரிடம் வாயைக் கொடுத்தவர்கள் வாயை மூடிக்கொண்டுதான் திரும்பியிருக்கிறார்கள். அதில் அவருக்கு ஒரு பெருமை. பெருமை என்று நாகரிகமாகச் சொல்கிறேன். திமிர் என்பதுதான் சரியான சொல்.

மகள் எட்டாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியலுக்கு ஒரே ஒரு டீச்சர். சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. மெதுவாகப் பேசுகிற பெண். அந்த வருஷக் கண்காட்சிக்கு நிலாவையும் பூமியையும் பற்றி ஒரு அறை முழுக்கச் செய்யப்போவதாகவும், அதற்கு ஒரு ஸ்பிரிங் தராசும் ஒரு தட்டுத் தராசும் வேண்டும் என்றும் மகள் வந்து சொன்னாள். கிராமுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருந்ததிலேயே நல்லதாக இரண்டை எடுத்து, துடைத்து, எண்ணெய் விட்டு, தானே சுமந்துபோய்க் கொடுத்தார்.

கண்காட்சி அன்று போய்ப் பார்த்தால் அறை உண்மையிலேயே நன்றாக இருந்தது. நடுவில் பூமிக்கு ஒரு கூடைப்பந்து. நிலாவுக்கு ஒரு டென்னிஸ் பந்து. அகலத்தில் பூமியில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டுக்கும் நடுவே முப்பது பூமியை வரிசையாக அடுக்கலாம் என்று கணக்கு வந்ததால், நிலா அறைக்குள் கொள்ளவில்லை. கதவைத் தாண்டி வராந்தாவில் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லாம் தலையில் இடித்துக்கொண்டு, "இவ்வளவு தூரமா!" என்று வாயைப் பிளந்தார்கள். கிராமும் இடித்துக்கொண்டார், வாயையும் பிளந்தார்.

சுவரில் அட்டைகள். நிலாவில் காற்று இல்லை, அதனால் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. பகலிலும் வானம் கறுப்பு. அங்கே ஒரு பகல் நம்முடைய இரண்டு வாரம், ஒரு இரவு இன்னொரு இரண்டு வாரம். வெயிலில் தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கும் மேலே, இருட்டில் நினைத்துப் பார்க்க முடியாத குளிர். காற்றும் மழையும் இல்லாததால் பதிந்த கால்தடம் லட்சக்கணக்கான வருஷம் அப்படியே கிடக்கும். இழுக்கும் விசை பூமியில் ஆறில் ஒரு பங்கு. கடைசி அட்டையை மகள் தன் கையால் எழுதியிருந்தாள். கிராம் அதை இரண்டு முறை படித்தார்.

அதற்குக் கீழேதான் அவருடைய இரண்டு தராசுகளும் இருந்தன. பக்கத்தில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம். ஒரு கேள்வி: 'இதை நிலாவுக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தால்?' அட்டையைத் திருப்பினால் விடை. ஸ்பிரிங் தராசு: சுமார் 165 கிராம். தட்டுத் தராசு: அதே ஒரு கிலோ.

கிராம் அட்டையைத் திருப்பினார். திரும்பவும் திருப்பினார். பிறகு சிரித்தார். அவர் சிரிப்பு அறை முழுக்கக் கேட்கிற சிரிப்பு.

"டீச்சர், இங்க கொஞ்சம் வாங்க. மேல என்ன எழுதியிருக்கீங்க? ஆறில் ஒரு பங்கு. கீழ என்ன எழுதியிருக்கீங்க? அதே ஒரு கிலோ. எழுதினப்புறம் ஒரு தடவை படிச்சுப் பாக்குறதில்லையா?"

டீச்சர் வந்தார். "இல்ல சார், அது தட்டுத் தராசு. ரெண்டு பக்கமும்..."

"எந்தத் தராசா இருந்தா என்ன? சர்க்கரை லேசாயிடுச்சில்ல? லேசானது லேசாத்தானே காட்டணும்? என் தராசு நிலாவுக்குப் போனா பொய் சொல்லுமா?"

சுற்றி நின்ற பெற்றோர் சிரித்தார்கள். டீச்சர் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இதுல விளக்கமா போட்டிருக்கு சார், ஒரு நிமிஷம் பாருங்க..."

"புத்தகம் எழுதினவன் வாழ்க்கையில ஒரு தராசைத் தொட்டிருப்பானா? நான் முப்பத்தோரு வருஷமா தொட்டுக்கிட்டிருக்கேன் டீச்சர்."

இன்னும் பெரிய சிரிப்பு. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் உள்ளே வந்தார். அவர் வரலாறு படித்தவர்; அரசர்கள் சண்டை போட்ட தேதி எல்லாம் விரல்நுனியில். தராசு விஷயத்தில் தராசுக்காரர் சொல்கிறார், அப்புறம் என்ன யோசனை? "மாத்திடுங்க டீச்சர். வர்றவங்க எல்லாம் பாக்குறாங்க" என்றார். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். எல்லோர் முன்னாலும் ஒரு கிலோவை அடித்துவிட்டு, 165 கிராம் என்று எழுதினார். கை கொஞ்சம் நடுங்கியது. கிராம் அதைப் பார்த்தார். பார்த்தும், தட்டின்மேல் ஒட்டியிருந்த தூசியை ஊதிவிட்டு, "இப்ப சரி" என்றார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, நிலாவில் எந்தத் தராசும் ஆறில் ஒரு பங்குதான் காட்டும், மாணவர்கள் குறித்துக்கொள்ளவும் என்று அறிவித்தார். மகள் அதை வீட்டில் வந்து நடித்தே காட்டினாள். "எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்கப்பா!" மனைவி மட்டும் கேட்டாள்: "அந்தப் பொண்ணு என்னமோ சொல்ல வந்தாங்கன்னியே, என்ன அது?" மகள் தோளைக் குலுக்கினாள். கிராமுக்கு ஞாபகமில்லை. கேட்டால்தானே ஞாபகம் இருக்க?

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அடுத்த வாரம் வகுப்புத் தேர்வு வந்தது. அறிவியல் தாளில் ஐந்தாவது கேள்வியாக அதையே கேட்டிருந்தார் டீச்சர்: தட்டுத் தராசில் ஒரு கிலோ காட்டும் சர்க்கரை, நிலாவில் அதே தராசில் எவ்வளவு காட்டும்? முப்பத்துநாலு பேரில் இருபத்தொன்பது பேர் 165 கிராம் என்று எழுதினார்கள். இருபத்தொன்பது பேருக்கும் சிவப்பு மையில் தப்பு போட்டு, பூஜ்யம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அட்டையில் அடித்து எழுதச் சொன்னபோது எழுதிய அதே பெண்தான். ஆனால் விடைத்தாளில் பொய்க்கு மதிப்பெண் போட அவருக்குக் கை வரவில்லை.

பெற்றோர் கொதித்துப்போனார்கள். செருப்புக் கடைக்காரருடைய பெண்ணும் அதே வகுப்பு. அவர்தான் முன்னால் நின்று மனு எழுதினார். தவறான பாடத்தை வேண்டுமென்றே கற்பிக்கும் அறிவியல் ஆசிரியையை மாற்ற வேண்டும், அவருடைய வேலையை நிரந்தரம் செய்யக் கூடாது. வெள்ளிக்கிழமை பள்ளிக் குழு கூடி முடிவெடுக்கப்போகிறது. மனுவோடு நேரே பக்கத்துக் கடைக்குத்தான் வந்தார்.

"மொத கையெழுத்து உங்களுதுதான். நீங்க போட்டாத்தான் இதுக்கு ஒரு மதிப்பு."

மகள் விடைத்தாளையும் அன்றைக்குத்தான் கொண்டுவந்திருந்தாள். அடியில் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். அதைக் கிராம் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "தப்பா திருத்தின பேப்பர்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று மேசை இழுப்பறையில் போட்டார். மனுவில் கையெழுத்துப் போட்டார். போட்டதோடு நிறுத்தினாரா? கையெழுத்துக்குக் கீழே, யாரும் கேட்காமலே, 'தராசு நிபுணர், 31 வருட அனுபவம்' என்று அழுத்தி எழுதினார்.

புதன்கிழமை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. ஏழாவது மாடி கிடங்கிலிருந்த ஒரு ஸ்பிரிங் தராசும் ஒரு தட்டுத் தராசும் சரியில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். இரண்டையும் கடைக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டியில் ஏற்றினார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஐந்து கிலோ கல்லை மாட்டித் தொங்கவிட்டபடியே கொண்டுபோவார். கடை போய்ச் சேரும்போதும் முள் ஐந்திலேயே நின்றால் ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங். வண்டியின் கம்பியில் அதை மாட்டினார். தட்டுத் தராசு ஆடாமல் இருக்க இரண்டு தட்டிலும் இரண்டிரண்டு கிலோ வைத்தார். லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார். அங்கே ஒரு முக்காலியில் லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தார்.

கதவு மூடியது. லிஃப்ட் கீழே இறங்கத் தொடங்கியது. பழைய லிஃப்ட், கொஞ்சம் வெடுக்கென்று இறங்கும். வயிற்றில் ஒரு கூச்சம். அந்த ஒரு நொடியில் ஸ்பிரிங் தராசின் முள் ஐந்திலிருந்து நாலு எண்ணூறுக்கு விழுந்ததைக் கிராம் பார்த்தார். பிறகு அது ஐந்துக்கே வந்துவிட்டது. வண்டி குலுங்கியதால் என்று நினைத்தார். கண் தானாகப் பக்கத்துத் தராசுக்குப் போனது. அதே வண்டி, அதே குலுக்கல். அதன் முள் நட்ட நடுவில், இம்மி நகராமல் நின்றது.

கீழே வந்ததும் அவர் இறங்கவில்லை. "திரும்ப மேல விடுங்க."

மேலே கிளம்பும்போது ஸ்பிரிங் முள் ஐந்தைத் தாண்டியது. தட்டுத் தராசு, ஊம், அசையவில்லை. திரும்பக் கீழே. திரும்ப மேலே. நாலாவது தடவையில் லிஃப்ட்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, ஏழாவது மாடியில எதையாவது மறந்துட்டீங்களா?"

"ஆமா."

"என்னத்தை?"

"மூளையை" என்றார் கிராம். அவர் குரலில் வேடிக்கை இல்லை. லிஃப்ட்காரர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் கீழே கிளம்புகிறபோது உள்ளே இருக்கிற எல்லாமே ஒரு கணம் லேசாகிறது. கல் லேசாகிறது, வயிறு லேசாகிறது, கிராமும் லேசாகிறார். கல் லேசானதை ஸ்பிரிங் உடனே சொல்லிவிடுகிறது. ஆனால் தட்டுத் தராசில் இந்தப் பக்கம் எவ்வளவு லேசாகிறதோ அந்தப் பக்கமும் அவ்வளவே லேசாகிறது. முள் எந்தப் பக்கம் சாயும்? எந்தப் பக்கமும் சாயாது. நிலா என்பது கீழே கிளம்பிக்கொண்டே இருக்கிற லிஃப்ட் மாதிரி. சர்க்கரையும் ஆறில் ஒரு பங்கு, எதிர்த் தட்டில் இருக்கிற கல்லும் ஆறில் ஒரு பங்கு. ஒரு கிலோ ஒரு கிலோவேதான்.

ரெண்டு பக்கமும். அந்தப் பெண் சொல்ல வந்தது இதைத்தான். முப்பத்தோரு வருஷமாக இரண்டு தட்டையும் சமமாக்குவதையே பிழைப்பாக வைத்திருக்கிற மனிதனுக்கு இன்னொரு தட்டு இருப்பதே மறந்துபோயிருக்கிறது.

வெட்கம் முதலில் காதில்தான் ஏறியது. இரண்டு காதும் சுட்டது. கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். சுவரில் தொங்குகிற தட்டுத் தராசுகள் எல்லாம் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. எதை நினைத்து அதிகம் வெட்கப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. தெரியாதது ஒரு பக்கம் இருக்கட்டும், தெரியாதது குற்றமில்லை. ஊர் கூடியிருந்த இடத்தில், தன்னைவிட இருபத்தைந்து வயது சிறிய ஒரு பெண் அழாத குறையாகப் புத்தகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், அதைக் கை நீட்டி வாங்கவில்லையே! அவள் கை நடுங்கியதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தூசியை ஊதினார். அந்த ஊதலை நினைத்தபோது மனிதருக்கு உடம்பே கூசியது.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்ற எண்ணமும் வந்தது. வரவில்லை என்று எழுதினால் நான் பொய் சொன்னவனாவேன். யாருக்குத் தெரியும்? லிஃப்ட்காரருக்குக்கூட என்ன நடந்தது என்று தெரியாது. வெளியே சொன்னால் மானம் கப்பலேறிவிடும். தராசே புரியாதவனிடம் தராசு பழுதுபார்க்கக் கொடுப்பானா எவனாவது? வியாழக்கிழமை பூராவும் இப்படியே போனது. மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டார். அவள், "நாளைக்கு மீட்டிங்ல டீச்சரை என்னப்பா பண்ணுவாங்க?" என்று உற்சாகமாகக் கேட்டாள். அந்த உற்சாகம் யார் கொடுத்தது என்று அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் மனைவியிடம் மட்டும் சொன்னார். லிஃப்ட், முள், இரண்டு பக்கம், எல்லாவற்றையும். அவள் கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தார். கிண்டல் செய்திருந்தால் தேவலை.

"அந்தப் பொண்ணோட வேலை போயிடும்னு தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பள்ளி நூலக அறையில் கூட்டம். தாளாளர், தலைமையாசிரியர், பெற்றோர் சார்பில் மூன்று பேர். அதில் செருப்புக் கடைக்காரர் ஒருவர். பெஞ்சின் கோடியில் டீச்சர். கிராம் மகளையும் உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். "நீயும் இருக்கணும்" என்று மட்டும் சொல்லியிருந்தார். கையில் அந்த ஆஸ்பத்திரி ஸ்பிரிங் தராசு.

தலைமையாசிரியர் மலர்ந்த முகத்தோடு, "வாங்க வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தோம்" என்றார்.

கிராம் உட்காரவில்லை. "நான் சொன்னது தப்பு. டீச்சர் எழுதினதுதான் சரி. என் கையெழுத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

பிறகு நடந்ததுதான் அவர் கனவிலும் நினைக்காதது. தாளாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "பாத்தீங்களா? ஒரு பொண்ணோட வேலை போகக் கூடாதுன்னு, தன் தொழில் அறிவையே விட்டுக்கொடுக்கிறார். எவ்வளவு பெரிய மனசு வேணும் இதுக்கு!"

"அதானே" என்றார் செருப்புக் கடைக்காரர். "இவரு எப்பவுமே இப்படித்தான், யாரையும் நோகவிடமாட்டாரு." ஒருவர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். பொய்யை ஒரே ஒரு சிரிப்பில் நம்பியவர்கள், உண்மையைச் சொன்னால் அதைப் பெருந்தன்மை என்கிறார்கள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது அவர் தப்பு செய்தவர் மட்டுமல்ல, தயவு காட்டப்பட்டவரும்கூட. கிராமுக்கு அந்த அறையிலிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"ஐயா, கை தட்டாதீங்க" என்றார். "நான் பெரிய மனசுக்காரன் இல்ல. மடையன். எனக்கு நிஜமாவே தெரியல. இவங்க சொல்ல வந்தாங்க, நான் சொல்லவிடல. தயவுசெஞ்சு நம்புங்க."

யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. அவர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அன்னைக்கு சொல்ல வந்ததை இப்ப சொல்லுங்க. நான் குறுக்க பேசமாட்டேன்."

டீச்சர் எழுந்தார். அவரைப் பார்க்காமல் தராசைப் பார்த்தார். "அதுல ஏதாவது எடை மாட்டி, உயரமாப் பிடிங்க சார். இப்ப சட்டுன்னு கீழ இறக்குங்க." கிராம் மாணவன் மாதிரி செய்தார். இறங்கத் தொடங்கிய கணத்தில் முள் சரிந்தது. எட்டிப் பார்த்த தாளாளர், "இன்னொரு தடவை" என்றார். இன்னொரு தடவை செய்தார். "எடை குறைஞ்சா இது குறைச்சுக் காட்டும்" என்றார் டீச்சர். "நிலாவுலயும் அப்படித்தான். ஆனா தட்டுத் தராசு எடையைத் தனியா காட்டுறதில்ல. இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒப்பிட்டுத்தான் காட்டும். நிலாவுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி லேசாகும். அதனால முள் நடுவுலயே நிக்கும்."

அவ்வளவுதான். செருப்புக் கடைக்காரர் வாயைத் திறந்து, மூடி, "அட, ஆமா" என்றார். தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

டீச்சர் முதன்முறையாகக் கிராமை நேராகப் பார்த்தார். "இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சு சார்?"

சுவரில் கடிகாரம் இருந்தது. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

தாளாளர் மனுவை நாலாகக் கிழித்தார். காலைக் கூட்டத்தில் திருத்தம் சொல்லிவிடலாம், வேலை நிரந்தரத்தையும் இப்போதே எழுதிவிடலாம் என்றார். டீச்சர் தலையசைத்தார், வேண்டாம் என்று அசைத்தார்.

"நேத்தே வேற பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துட்டேன் சார். அடுத்த மாசம் சேர்றேன்."

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே, அப்புறம் ஏம்மா?"

"புத்தகத்தைக் காட்டினேன், ஒருத்தர்கூட வாங்கிப் பாக்கல. இன்னைக்கு இவர் வந்து சொன்னதாலதான் என்னையும் பேசவிட்டீங்க. இனிமே நான் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் பசங்க வீட்டுல போய் கேட்டுட்டு வந்துதான் நம்புவாங்க." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் கிராமுக்குக் கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். போகும்போது, "உங்க தராசு ரெண்டும் பீரோவுல இருக்கு சார், துணி போட்டு மூடிவச்சிருக்கேன்" என்றார்.

அப்பாவும் மகளும் நடந்து வந்தார்கள். வெயில் இன்னும் சாயவில்லை, ஆனால் தெருக் கோடியில், கட்டடங்களுக்கு மேலே வெளுத்துப்போன நிலா அப்போதே வந்துவிட்டிருந்தது. கிராம் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடை வாசலில் மகள் கேட்டாள்:

"அப்பா, அந்தப் பேப்பர்ல கையெழுத்து வேணும். திங்கக்கிழமை கடைசி நாள்."

இழுப்பறையைத் திறந்து எடுத்தார். ஐந்தாவது கேள்வியில் 165 கிராம், அதன்மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் பூஜ்யம். அன்றைக்குப் பிரித்துக்கூடப் பார்க்காமல் உள்ளே தள்ளிய தாள். இப்போதுதான் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 165-க்கு முன்னால் ஏதோ எழுதி அடித்திருந்தது. டீச்சருடைய சிவப்பு மை இல்லை, மகளுடைய நீல மை. கோட்டுக்கு அடியில் எழுத்து தெளிவாகவே தெரிந்தது: 'அதே ஒரு கிலோ, ஏனென்றால் இரண்டு பக்கமும்'. அதற்கு மேல் எழுதாமல் அடித்திருக்கிறாள்.

"இதை நீயா எழுதின?"

"ம்."

"அப்புறம் ஏன் அடிச்ச?"

மகள் ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்துக்கொண்டு நின்றாள். "டீச்சர் நடத்தினப்ப எனக்குப் புரிஞ்சுதுப்பா. எழுதிக்கிட்டே இருந்தேன். அப்ப உங்க ஞாபகம் வந்துச்சு."

கிராம் பேனாவை எடுத்தார். பூஜ்யத்துக்குக் கீழே, பெற்றோர் கையெழுத்து என்று அச்சடித்த கோட்டின்மேல், பெற்றவர்கள் வைத்த பெயரை முழுசாக எழுதினார். வேறெதுவும் எழுதவில்லை.